யவனர் கொண்டுவந்த தேறல்

திராட்சைத் தோட்டத்து மதுவுக்கும் நம் திருவிடந்தைக் கடற்கரைக்கும் என்ன தொடர்பு என்று கேட்பீர்கள். நித்யகல்யாணப் பெருமாளைச் சேவித்துவிட்டு, மாமல்லபுரம், கல்பாக்கம் தாண்டித் தெற்கே வாருங்கள். பாலாறு கடலில் கலக்கும் இடத்தருகே, வாயலூரை ஒட்டி வசவசமுத்திரம் என்றொரு சிற்றூர். 1970ஐ ஒட்டி மாநிலத் தொல்லியல் துறை அங்கே அகழ்ந்தபோது உறைகிணறுகள் வெளிப்பட்டன. கூடவே, ஆம்போரா எனப்படும், யவனர் என்று நம் முன்னோர் அழைத்த கிரேக்க, ரோமானியரின் மதுச்சாடி ஓடுகளும் கிடைத்ததாக அறிக்கை சொல்கிறது.

புறநானூற்றின் 56ஆம் பாட்டை நீங்கள் பள்ளியில் படித்திருக்கலாம். யவனர் தந்த குளிர்ந்த, மணமுள்ள தேறலைப் பொற்கலத்தில் மகளிர் ஏந்தித் தர, அருந்தி மகிழ்ந்திரு என்று பாண்டியன் நன்மாறனை நக்கீரர் வாழ்த்துகிறார். அது எந்தச் சீமைத் தோட்டத்தில் விளைந்தது? பாட்டில் அந்த விவரம் இல்லை. சாடியில் இருக்கிறது.

பானையோடுகளைப் பார்த்து வரைவது என் தொழில். ஓடு கைக்கு வந்ததும் முறிந்த விளிம்பை வெயிலில் சாய்த்துப் பார்ப்பேன். செம்மண்ணுக்குள் கருமணல் பொடிப்பொடியாக மின்னினால் மனசு துள்ளும். இத்தாலியில் வெசுவியஸ் எரிமலையைச் சுற்றியுள்ள காம்பேனியா மண் அது! ரோமர்கள் தலையில் வைத்துக் கொண்டாடிய ஃபலேர்னியன் மது விளைந்த வட்டாரம். பிடி இரண்டு குழல்களை ஒட்டவைத்தது போல இருந்தால், கிரேக்கத் தீவான கோஸின் பாணி. கோஸ் மதுவில் கடல்நீர் கலப்பார்கள். ஆமாம், நம்புங்கள், கடல்நீரேதான். மது கசியாமலிருக்கச் சாடியின் உட்புறத்தில் பைன் மரத்துக் கீலைப் பூசுவார்கள். ஆகவே அதைச் சுவைத்தவர் நாவில் பழத்தின் இனிப்போடு பிசின் வாசமும், கோஸ் மது என்றால் இலேசான உப்பும் தட்டியிருக்கும். ரோமர்கள் அதில் தண்ணீர் விட்டுத்தான் குடித்தார்கள். நன்மாறன் எப்படிக் குடித்தானோ!

என்னிடம் வரையப் பழகும் மாணவி ஒருத்தி, "ஐயா, பிடியே இல்லாத சாடி எந்த ஊர்?" என்று கேட்டாள். கேட்க வேண்டிய கேள்வி. பிடி இல்லாமல், உள்ளே நிலக்கீல் பூசியிருந்தால் அது மெசப்பொத்தேமியா, பாரசீக வளைகுடாப் பக்கத்துச் சாடி. ரொபெர்ட்டா டோம்பர் என்ற ஆய்வாளர் இந்தியாவில் கிடைத்த ஓடுகளை மறுபடி பார்த்து, ரோமானியம் என்று எழுதிவைத்திருந்தவற்றில் பல இந்த வகை என்று காட்டினார். பழைய அறிக்கைகளை மீண்டும் திறந்து பார்க்கத்தான் வேண்டும். ஓட்டில் உட்பூச்சு தப்பியிருந்தால் வகையை அடையாளம் காண்பது எளிது.

நேரமாகிவிட்டது. 1945இல் தொல்லியலாளர் வீலர் புதுச்சேரி அருகேயுள்ள அரிக்கமேட்டை அகழ்ந்த கதையை இன்னொரு நாள் சொல்கிறேன். அங்கே எண்ணெய்ச் சாடியும் மீன்சாறுச் சாடியும்கூடக் கிடைத்தன என்பதை மட்டும் நினைவில் வையுங்கள். புதுச்சேரி அருங்காட்சியகத்தில் அரிக்கமேட்டுச் சாடிகள் இருக்கின்றன. பிள்ளைகளை அழைத்துப்போய்க் காட்டுங்கள்.

பாலாற்று முகத்துவாரத்து ஊர்க்காரர்களுக்கு ஒரு வார்த்தை. கிணறோ அஸ்திவாரமோ தோண்டும்போது தடித்த ஓடு, உள்ளே கறுப்புப் பூச்சோடு கிடைத்தால், தயவுசெய்து தேய்த்துக் கழுவாதீர்கள். கிடைத்த இடத்தைக் குறித்துவைத்து, கிராம நிர்வாக அலுவலரிடம் தகவல் சொல்லுங்கள்.