காலில் மாட்டிய துடுப்பு
(வானொலியில் வழங்கப்பட்ட காலைச் சிந்தனை)



கோடை விடுமுறை தொடங்கிவிட்டது. பிள்ளைகளை நீச்சல் வகுப்பில் சேர்க்கலாமா என்று பங்கில் பலர் கேட்கிறார்கள். கட்டாயம் சேருங்கள். ஆனால் அதற்கு முன், கடந்த ஆண்டு எங்கள் பங்கு நடத்திய முகாமில் நாங்கள் செய்த ஒரு தவற்றை உங்களிடம் சொல்லிவிட வேண்டும்.

அன்பர் ஒருவரின் நன்கொடையில் எட்டு ஜோடி ஃபின்ஸ் வாங்கினோம். செருப்புபோலப் பாதத்தில் மாட்டிக்கொள்ளும் ரப்பர் துடுப்பு அது. தவளைக் கால்போல விரிந்திருக்கும். அதுவரை குளத்தின் ஓரக் கம்பியை விடாமல் பிடித்திருந்த பிள்ளைகள், அதை மாட்டியதும் மீன்குஞ்சுகள்போலப் பாய்ந்தார்கள். பார்க்கவே ஆனந்தமாக இருந்தது. பயிற்சியாளர் மட்டும், "ஃபாதர், பாதி நேரமாவது கழட்டிட்டு நீந்தட்டும்" என்றார். "சந்தோஷமா இருக்காங்க, இருக்கட்டுமே" என்றோம். நிறைவு நாளில் ஃபின்ஸ் போட்டபடியே நீந்திக் காட்டினார்கள். ஒவ்வொருவர் பெயரையும் மைக்கில் சொல்லிப் பாராட்டினோம்.

இரண்டு வாரம் கழித்து அவர்களில் ஒரு சிறுவன் பாட்டி ஊரில் கிணற்றில் குதித்தான். காலில் ஃபின்ஸ் இல்லை. உதைத்துப் பார்த்தான், உடல் நகரவில்லை, இடுப்பு கீழே இறங்கிக்கொண்டே போனது. படிக்கட்டில் துணி துவைத்துக்கொண்டிருந்த தாய்மாமன் குதித்துத் தூக்கியதால் பிள்ளை பிழைத்தான். அவனுடைய அம்மா எங்கள் இல்லத்துக்கு வந்தார். கோபப்படவில்லை. "நல்லா நீந்துறான்னு நீங்கதானே ஃபாதர் மைக்கில சொன்னீங்க?" என்று மட்டும் கேட்டார்.

எங்களிடம் பதில் இல்லை.

அதன் பிறகுதான் பயிற்சியாளரிடம் உட்கார்ந்து பாடம் கேட்டோம். குருமடத்தில் எத்தனையோ ஆண்டுகள் படித்தோம். கணுக்காலைப் பற்றி யாரும் சொல்லித்தரவில்லை! புதிதாக நீந்துபவர் சைக்கிள் மிதிப்பதுபோல முழங்காலை மடக்கி உதைக்கிறார். பாதமோ கொக்கிபோல விறைத்து நிற்கிறது. அதனால் தண்ணீர் பின்னால் தள்ளப்படுவதில்லை. கால் தாழ்கிறது, உடல் சாய்கிறது, மூச்சுக்காகத் தலையைத் தூக்கினால் இடுப்பு இன்னும் அமிழ்கிறது. ஃபின்ஸ் மாட்டினால் பாதம் தானாக நீள்கிறது. இடுப்பிலிருந்து உதைத்தால்தான் அந்த நீண்ட துடுப்பு சரியாக அசையும். உடல் நீர்மட்டத்துக்கு வருவதால், மூச்சையும் கைவீச்சையும் கவனிக்க நேரம் கிடைக்கிறது. சரியான நீச்சல் எப்படி இருக்கும் என்று உடம்புக்கு ஒருமுறை காட்டிக்கொடுக்கும் கருவி அது. காட்டிய உடனே, அந்த உணர்வு மறையும் முன்பே, கழற்றிவிட்டு நீந்த வேண்டும். இந்த இரண்டாம் பாதியைத்தான் நாங்கள் வேண்டாமென்று சொல்லியிருந்தோம்.

நம் ஊர்க் கிணறுகளில் முதுகில் சுரைக்குடுக்கை கட்டி நீச்சல் பழகியவர்கள் உங்களில் இருப்பீர்கள். குடுக்கை, சும்மா இருந்தாலும் நம்மைத் தாங்கும். ஃபின்ஸ் அப்படியல்ல, உதைத்தால்தான் வேலை செய்யும். பிள்ளையின் காலில் அது இருக்கிறதே என்று பெற்றோர் கரையில் செல்போனைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது.

இந்த ஆசை பழையது. 1706இல் பிறந்த பெஞ்சமின் பிராங்கிளின், சிறுவனாக இருந்தபோதே ஓவியரின் வண்ணத் தட்டுபோன்ற பலகைகளைக் கையில் பிடித்து நீந்திப் பார்த்தார். வேகம் கூடியது, மணிக்கட்டு சோர்ந்தது. பாதத்திலும் பலகை கட்டினார். அது அவருக்குத் திருப்தி தரவில்லை. நீரைத் தள்ளுவதில் கணுக்காலுக்கும் பங்கு உண்டு என்பதை அந்த வயதிலேயே கண்டுகொண்டார். இன்றைய ரப்பர் வடிவத்துக்கு 1933இல் காப்புரிமை பெற்றவர் லூயி டி கோர்லியூ என்ற பிரெஞ்சுக் கடற்படை அதிகாரி. பிறகு இரண்டாம் உலகப் போரில் நீர்மூழ்கி வீரர்கள் அதை அணிந்தார்கள். ஆனால் நீச்சல் போட்டிகளில் இன்றும் அதற்கு அனுமதி இல்லை. பயிற்சியில் எவ்வளவு பயன்படுத்தினாலும், போட்டி நாளில் வெறுங்காலோடுதான் நிற்க வேண்டும்.

இந்த ஆண்டு முகாம் வேறு விதமாக நடக்கும். நீளமான ஃபின்ஸை ஓரமாக வைத்துவிட்டு, குட்டையானதை எடுத்திருக்கிறோம்; நீளமானது உதையின் தாளத்தை மந்தமாக்கி, கணுக்காலையும் முழங்காலையும் இழுக்கிறது. ஒரு நீளம் அதோடு, அடுத்த நீளம் அது இல்லாமல். முதல் நாட்களில் சில நிமிடங்கள் போதும், இல்லையென்றால் கெண்டைக்கால் பிடித்துக்கொள்ளும். குதிகால் உரசிக் கொப்புளம் வராதபடி அளவு பார்த்து வாங்க வேண்டும். வளர்கிற பிள்ளை என்று ஒரு அளவு பெரிதாக வாங்கிவிடாதீர்கள், அது பள்ளிக்கூட ஷூ அல்ல! மார்பு நீச்சலுக்கு இது ஆகாது; அதில் பாதம் வெளிப்புறமாகத் திரும்ப வேண்டும். மாட்டிக்கொண்டு கரையில் நடக்கவும் கூடாது. குளத்தின் விளிம்பில் உட்கார்ந்து மாட்டி, அங்கேயே கழற்ற வேண்டும்.

நிறைவு நாளில் வெறுங்காலோடு 100 மீட்டர் நீந்த வேண்டும். ஆழத்தில் ஒரு நிமிடம் கால் ஊன்றாமல் நிமிர்ந்து மிதக்கவும் வேண்டும். திபேரியாக் கடலில் பேதுரு படகிலிருந்து குதித்தபோது கரை ஏறக்குறைய அந்தத் தூரத்தில்தான் இருந்தது. அவர் மேலாடையையும் கட்டிக்கொண்டு குதித்தார். எங்கள் பிள்ளைகளுக்கு அந்தச் சிரமம் இல்லை. நீந்த முடியாதவர் பெயரை மைக்கில் சொல்ல மாட்டோம். அடுத்த மாதம் மீண்டும் வரச் சொல்வோம்.

கிணற்றில் விழுந்த அந்தச் சிறுவனும் பெயர் கொடுத்திருக்கிறான். அம்மாவே கையைப் பிடித்து அழைத்து வந்தார். ஃபின்ஸ் இனி தொடவே மாட்டேன் என்கிறான். பாதம் இன்னும் கொக்கிபோலத்தான் இருக்கிறது, ஒரு வாரமாவது போட்டே ஆகவேண்டும் என்கிறார் பயிற்சியாளர். இந்த முறை நாங்கள் குறுக்கே பேசவில்லை. திங்கட்கிழமை காலை ஆறு மணிக்கு இருவரும் குளத்தில் பேசி முடிவு செய்யட்டும்.