மெய்யிலிருந்து மிகுதிக்கு



பள்ளியில் ஆங்கிலம் பயின்ற எவருக்கும் 'வெரி' என்றால் 'மிக' என்பதே முதற்பாடம். அது பிழையன்று, ஆயின் அச்சொல்லின் பிற்காலப் பொருள். 'மெய்யான' என்று பொருள்படும் இலத்தீன் 'வேருஸ்' அதன் மூலம். பழைய பிரெஞ்சின் வழியே ஆங்கிலம் புகுந்தபோது அது பெயருக்கு அடையாகவே நின்றது. 14ஆம் நூற்றாண்டில் சாசர் தம் காவியத்து வீரனை அச்சொல்லால் சிறப்பித்தபோது அளவைக் கூட்டவில்லை. உண்மை வீரன் என்று சான்று பகர்ந்தார்.

1611இல் வெளிவந்த ஆங்கில விவிலியத்தில் ஓரிடம் கருதத்தக்கது. பார்வை மங்கிய ஈசாக்கு, முன்னே நிற்பவன் மூத்த மகன் ஏசாதானா என்று ஐயுறுகிறான். தடவிப் பார்க்க அருகே அழைக்கும் அவ்வேளையில் 'மகன்' என்பதற்கு முன் நிற்கும் சொல் 'வெரி'. 'மிகவும் மகன்' என்று எவரேனும் பெயர்ப்பாரா? நெடுங்காலமாய் வழங்கும் தமிழ் விவிலியம் அங்கே 'தான்' என்னும் இடைச்சொல்லை இட்டது. கண்ணிழந்த தந்தையின் ஐயம் முழுவதையும் இரண்டே எழுத்துகள் தாங்குகின்றன.

இப்பொருள் இன்றும் மாயவில்லை. 'திஸ் வெரி ஹவுஸ்' என்பதற்கு நம் தேற்றேகாரம் போதும்: 'இதே வீடு'.

மெய் எங்ஙனம் மிகுதியாயிற்று? 'மெய்யாகவே குளிர்கிறது' என்று ஒருவன் வற்புறுத்தினால், கேட்பவன் 'கடுங்குளிர்' என்றே கொள்கிறான். 'ரியலி', 'ட்ரூலி' ஆகியனவும் இவ்வழியே வந்தவை. அச்சத்தைக் குறித்த 'டெரிப்ளி' இன்று பாராட்டுக்கும் முன் நிற்கிறது. நம் இளைஞரின் 'பயங்கர அழகு' கேட்டு முகஞ்சுளிக்கும் புலவர்கள் இதனையும் எண்ணிப் பார்க்கலாம்.

தமிழ் வேறு வழி கண்டது. 'மிக' மிகுதலினின்றும், 'ரொம்ப' நிரம்புதலினின்றும் பிறந்தவை. தொல்காப்பியர் உறு, தவ, நனி என்னும் மூன்று உரிச்சொற்களை மிகுதிப் பொருளில் வைத்தார், நன்னூலார் ஆறாக்கினார்.

இத்துணைச் செல்வம் இருந்தும் மொழிபெயர்ப்புக் கவிதைகளில் 'வெரி' வருமிடமெல்லாம் 'மிகவும்' வந்து விழுகிறது. அது சோம்பலேயன்றி வேறன்று. தமிழ் பல இடங்களில் அடைச்சொல்லுக்குள்ளேயே மிகுதியை வைத்துவிடுகிறது. மிகவும் கரியதைக் 'கன்னங்கரியது' என்கிறோம். மிகவும் சிறியதைச் 'சின்னஞ்சிறியது' என்கிறோம். சரியான நடுவை 'நட்டநடு' என்கிறோம். 'வெரி ஃபர்ஸ்ட்' என்பதற்குப் பாட்டிமார் கதையிலேயே சொல் இருக்கிறது: 'முதன்முதல்'.