சொல்லின் பொருளும் சொல்பவர் தொனியும்



ஆங்கிலத் தேர்வுத் தாளில் ஒரு பத்தியைக் கொடுத்து அதன் கீழே கேட்கப்படும் வினாக்களுள் ஒன்று, நம் மாணவர்களைப் பெரிதும் திகைக்க வைக்கிறது. ‘இப்பத்தியில் ஆசிரியரின் தொனி யாது?’ என்பதே அவ்வினா. பத்தியில் வரும் ஆண்டையும் ஊரையும் விரல் வைத்துக் காட்டிவிடலாம். தொனியை அவ்வாறு காட்ட இயலுமோ என்று மாணவர் மலைக்கின்றனர். சொற்பொருளை நெட்டுருச் செய்தவரும் இங்கே மதிப்பெண் இழப்பதுண்டு. வீட்டில் ஒரு மொழி, வீதியில் வேறொரு மொழி, தேர்வில் மூன்றாவது மொழி என்று வளரும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு இது இன்னும் பெரிய சுமையாகத் தோன்றும். ஆனால், அத்தகைய பிள்ளைகளுக்கே இது எளிதில் கைவரக் கூடியது என்பது நம் கருத்து. கேரளத்தின் தென்கோடியிலுள்ள பாறசாலை, நெய்யாற்றின்கரைச் சிற்றூர்களைச் சான்றாகக் கொண்டு அதனை விளக்க முற்படுகிறோம்.

1956-ஆம் ஆண்டு நவம்பர் முதல் நாள் மாநிலங்கள் மொழிவழியே திருத்தி அமைக்கப்பட்டன. தோவாளை, அகத்தீசுவரம், கல்குளம், விளவங்கோடு ஆகிய வட்டங்கள் சென்னை மாநிலத்தோடு இணைந்தன. நெய்யாற்றின்கரை வட்டம் கேரளத்தில் நின்றது. களியக்காவிளைக்கு இப்பால் தமிழகம், அப்பால் பாறசாலை. அங்குள்ள தமிழர் பிழைப்புத் தேடி ஊர் பெயர்ந்தவர் அல்லர். அவர்கள் இருந்த இடத்திலேயே இருந்தனர். எல்லைக்கோடு அவர்களுக்குத் தெற்கே விழுந்தது. எனினும், உங்கள் இல்லத்துப் பிள்ளைகளைப் போலவே அவர்தம் பிள்ளைகளும் இரு மொழிகளின் நடுவே வளர்கின்றனர்.

அவ்வாறு வளர்வதனால் அவர்கள் பெறும் ஊதியம் ஒன்று உண்டு. அப்பகுதியில் பெரியவர் ஒருவர் சிறுவனிடம், ‘நாளைக்கு வந்திரணும், கேட்டியா’ என்பார். வெளியூரார் செவிக்கு அஃது அதட்டலாக ஒலிக்கும். உள்ளூர்ச் சிறுவனோ அதில் அன்பு கலந்த நினைவூட்டலையே கேட்கிறான். மலையாளத்தார் வாக்கிய இறுதியில் சேர்க்கும் ‘கேட்டோ’ என்பதும் அத்தகையதே. அதே சொல்லைக் குரலுயர்த்திக் கூறினால் கண்டிப்பு என்பதையும் அச்சிறுவன் அறிவான். சொல் ஒன்று, சொல்பவர் மனநிலை வேறு. அம்மனநிலையே தொனி. நகை, அழுகை, இளிவரல், மருட்கை, அச்சம், பெருமிதம், வெகுளி, உவகை என்று மெய்ப்பாடு எட்டினைத் தொல்காப்பியம் வகுத்திருக்கிறது. ஆதலின், உள்ளத்து நிலைக்குப் பெயரிட்டு அறிவது நமக்குப் புதியதன்று. செவி அறிந்த இவ்வித்தையைக் கண்ணுக்குப் பழக்குவதே நாம் செய்ய வேண்டுவது.

எழுத்தில் குரல் இல்லை. எனவே குரலின் வேலையைச் சொற்கள் செய்கின்றன. எவ்வாறு எனக் காண்போம். நெய்யாற்று அணையின் இடதுகரைக் கால்வாய் வழியே விளவங்கோடு வட்டத்து வயல்களுக்கு வந்த நீர் 2004-ஆம் ஆண்டு நின்றது. இச்செய்தியை மூவர் எழுதுவதாக வைத்துக்கொள்வோம்.

முதலாமவர் எழுதுகிறார்: ‘2004-இல் நீர் நிறுத்தப்பட்டது. இதுபற்றி இரு மாநிலங்களும் மாறுபட்ட கருத்துகளைத் தெரிவித்தன.’ இரண்டாமவர்: ‘அண்டை வயல் வாடக் கண்டும் மடை திறவாத பெருந்தன்மையை என்னென்று புகழ்வது!’ மூன்றாமவர்: ‘கால்வாய் நிறைந்தோடிய அந்நாட்களில் கரையெங்கும் பிள்ளைகளின் ஆரவாரம், பின்னர் கரை மட்டுமே எஞ்சியது.’

செய்தி ஒன்றே, தொனி மூன்று. முதலாவதில் விருப்பு வெறுப்புக் காட்டும் சொல் ஒன்றும் இல்லை, அது நடுநிலை. தேர்வுத்தாள் இதனை ‘நியூட்ரல்’ அல்லது ‘அப்ஜெக்டிவ்’ என்னும். இரண்டாவதில் ‘பெருந்தன்மை’ என்ற புகழ்ச்சொல் இகழ்ச்சிக்கு நிற்கிறது, அது ‘சர்காஸ்டிக்’. மூன்றாவதில் ‘அந்நாட்களில்’, ‘எஞ்சியது’ என்பவை கழிந்த காலத்துக்கு ஏங்குகின்றன, அது ‘நாஸ்டால்ஜிக்’. விரல் வைத்துக் காட்ட முடியாதது தொனி என்றோமே. இப்பொழுது காட்டிவிட்டோம் அன்றோ?

இனி, மாணவர் மனத்திற் கொள்ளத்தக்க குறிப்புகள் சில. முதலாவது, ஒருபொருட் சொற்களுள் ஆசிரியர் எதனைத் தேர்ந்தார் என்று பார்த்தல். ‘சைல்ட்லைக்’ என்றால் குழந்தையுள்ளம் எனப் பாராட்டு. ‘சைல்டிஷ்’ என்றால் சிறுபிள்ளைத்தனம் எனக் குறை. இரண்டாவது, ‘பட்’, ‘ஹவ்எவர்’ என்னும் சொற்களைத் தேடுதல். பிறர் கூற்றை ஒப்புவது போல் தொடங்கி, ‘ஆயினும்’ என்று திரும்பும் இடத்திற்குப் பின்னரே பெரும்பாலும் ஆசிரியர் தம் கருத்து வெளிப்படும். மூன்றாவது, பத்தியில் மேற்கோளாக வரும் பிறர் குரலை ஆசிரியர் குரலென மயங்காதிருத்தல். நான்காவது, அளவறிதல். ‘கிரிட்டிக்கல்’ என்பது ஆராய்ந்து குறை காட்டுவது. ‘ஹாஸ்டைல்’ என்பது பகைமை பாராட்டுவது. ‘இன்டிஃபரன்ட்’ என்பது அக்கறையின்மை. அதனை நடுநிலை என்று கொள்வது பெரும்பிழை. தராசு பிடிப்பவர் அக்கறையற்றவர் ஆகார்.

எல்லாவற்றினும் முதன்மையானது, பத்தியை முழுதும் படித்தல். பாறசாலை, இலண்டன் மிஷன் சங்கத்தின் பழைய நிலையங்களுள் ஒன்று. அச்சங்கத்தைச் சேர்ந்த சாமுவேல் மெட்டீர் திருவிதாங்கூரைப் பற்றி 1871-இல் வெளியிட்ட ஆங்கில நூலின் பெயர் ‘தி லேண்ட் ஆஃப் சாரிட்டி’, அஃதாவது தருமபூமி. தலைப்பை மட்டும் கண்டவர் நூல் முழுதும் புகழுரை என்றே எண்ணுவர். ஊட்டுப்புரைகளில் அந்தணர்க்கு அன்னமிட்டதனால் அந்நாடு அப்பெயர் பெற்றது. அதே நாட்டில் சாதியின் பெயரால் எளியோர் பட்ட இன்னல்களை அந்நூல் விரித்துரைக்கிறது. உள்ளே படித்தபின் தலைப்பை நோக்கினால், அது ‘யாருக்குத் தருமம்?’ என்று நம்மையே கேட்பது போல் இருக்கும். முதல் வரியை வைத்து விடையைக் குறிக்கும் மாணவர்க்கு இது நல்ல எச்சரிக்கை.

பெற்றோர்க்கு ஒரு வார்த்தை. இதற்குத் தனி வகுப்பு வேண்டுவதில்லை. நாள்தோறும் ஆங்கிலச் செய்தித்தாளில் ஒரு தலையங்கத்தைப் பிள்ளையைக்கொண்டு உரக்கப் படிக்கச் செய்யுங்கள். ‘இவர் மகிழ்கிறாரா, சினக்கிறாரா, ஐயுறுகிறாரா?’ என்று தமிழிலேயே கேளுங்கள். விடை வந்ததும், ‘எந்தச் சொல்லால் அறிந்தாய்?’ என்று கேட்கத் தவறாதீர்கள். இரண்டு சொற்களையேனும் காட்ட இயலாத விடை வெறும் ஊகமே. தமிழில் அறிந்த உணர்ச்சிக்கு ஆங்கிலப் பெயரைப் பின்னர் கற்பித்துக்கொள்ளலாம்.

மதிப்பெண்ணோடு முடிவதன்று இப்பயிற்சி. வேற்று மொழி வழங்கும் நாட்டில் அலுவலகத்தின் கடிதமும், வணிகரின் விளம்பரமும், அரசியலாரின் அறிக்கையும் நம் பிள்ளைகளின் கைக்கு வரும். அவற்றில் வேண்டுகோள் எது, மிரட்டல் எது, புகழ்ச்சி எது, ஏளனம் எது என்று பகுத்தறியாதவர் பிறர் சொல்லுக்கு எளிதில் ஆட்படுவர். பகுத்தறிபவர் எந்த ஊரிலும் தலைநிமிர்ந்து வாழ்வர்.