தோட்டத்து வீடும் காவல் காமிராவும்



காவிரிக் கழனி ஊர்களில் வீடுகள் தெருத்தெருவாக அடுத்தடுத்து நிற்கும். நம் கொங்கு நாட்டிலோ, கிணறு வெட்டிய இடத்திலேயே சாளையும் கட்டுத்தரையும் அமைத்துக்கொண்டு உழவர்கள் குடியிருக்கலாயினர். இட்டேரித் தடத்தில் நெடுந்தூரம் நடந்தால்தான் அடுத்த தோட்டம் வரும். பிள்ளைகள் தொழிலை நாடி நகரங்களுக்குச் சென்றுவிட, இன்று அவ்வீடுகள் பலவற்றில் முதியோர் இருவரே வாழ்கின்றனர். 2024 நவம்பரில் பல்லடத்தை அடுத்த ஒரு தோட்டத்து வீட்டில் மூவரும், 2025-ல் சிவகிரியை அடுத்து ஒரு முதிய தம்பதியரும் கொலையுண்ட செய்திகளை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள்.

காவல் காமிராவை வீட்டுத் தொலைக்காட்சிப் பெட்டியோடு இணைப்பதைப் பற்றி நான் பேச வந்தது அதனால்தான். "கைப்பேசியிலேயே பார்க்கலாமே, பெட்டி எதற்கு?" என்று நீங்கள் கேட்கக்கூடும். பெங்களூரில் இருக்கும் நீங்கள் பார்க்கலாம். ஆனால் நள்ளிரவில் நாய் குரைக்கையில், கதவைத் திறப்பதா வேண்டாமா என்று முடிவு செய்ய வேண்டியவர்கள் உங்கள் அப்பாரும் ஆத்தாளும் அல்லரோ? மூக்குக் கண்ணாடியைத் தேடி எடுத்து, கையகலத் திரையைத் தடவிக்கொண்டிருக்க அப்போது நேரம் ஏது?

இவ்வெண்ணம் புதிதன்று. நியூயார்க் நகரத்தின் குவீன்ஸ் பகுதியில் வாழ்ந்த மேரி வான் பிரிட்டன் பிரவுன் என்னும் செவிலியர், மின்னணுத் தொழில் அறிந்த தம் கணவருடன் சேர்ந்து, 1966-ல் இதற்கு உரிமை கோரி விண்ணப்பித்தார். 1969 டிசம்பரில் காப்புரிமை கிடைத்தது. கதவில் வெவ்வேறு உயரங்களில் துளைகள். அவற்றின் பின்னே ஏறி இறங்கும் காமிரா. வந்தவர் முகம் படுக்கையறையில் உள்ள தொலைக்காட்சித் திரையில் தோன்றும். அங்கிருந்தபடியே அவரோடு பேசலாம், தாழையும் திறக்கலாம். சென்னைக்குத் தொலைக்காட்சி வந்ததே 1975-ல்தான் என்பதை நினைத்துப் பாருங்கள்!

இனி, இணைப்புக்கு வருவோம். காமிராவிலிருந்து வரும் கோஆக்சியல் கேபிளும் பழைய ஆன்டெனா கேபிளும் பார்வைக்கு ஒன்றுபோலவே இருக்கும். ஆகவே அதை நேரே பெட்டியின் ஆன்டெனாத் துளையில் செருகிவிட்டு, படம் வரவில்லையே என்று வருந்துவோர் உண்டு. வானொலி கேட்கும் உங்களுக்குக் காரணம் எளிதில் விளங்கும். என் குரல் தனியே உங்களிடம் வருவதில்லை; ஊர்தி அலை ஒன்றின்மீது ஏறி வருகிறது. ஆன்டெனாத் துளையும் அவ்வாறு ஏறி வரும் படத்தையே எதிர்பார்க்கிறது. காமிராவோ படத்தை ஊர்தியின்றிக் கால்நடையாக அனுப்புகிறது. அன்றியும், இக்காலக் காமிராக்கள் பல அனுப்பும் உயர்தெளிவுக் குறியீடு தொலைக்காட்சிப் பெட்டிக்குப் புரியாத மொழி. இரண்டுக்கும் நடுவே மொழிபெயர்ப்பாளனாக நிற்பதுதான் டி.வி.ஆர். என்னும் பதிவுப்பெட்டி. காமிராக் கேபிள்கள் அதன் பின்புறம் சேரும், அதிலிருந்து எச்.டி.எம்.ஐ. கேபிள் ஒன்று தொலைக்காட்சிக்குச் செல்லும். ரிமோட்டில் 'இன்புட்' அல்லது 'சோர்ஸ்' என்ற பொத்தானை அழுத்தி, கேபிள் செருகிய துளையைத் தேர்ந்தால் படம் தோன்றும். வைஃபை காமிராவாயின் அதற்கேற்ற என்.வி.ஆர். வேண்டும்.

தொலைக்காட்சியை நிறுத்தினால் பதிவும் நின்றுவிடும் என்று சிலர் அஞ்சுகின்றனர். நிற்காது, பெட்டி வெறும் சாளரமே. பதிவுப்பெட்டியைத் தொலைக்காட்சியின் அடியிலேயே வைப்பதுதான் பெரும்பிழை. திருடன் போகும்போது அதையும் தூக்கிக்கொண்டு போவான்! உள்ளறை அலமாரியில், காற்றோட்டமாக வைத்துப் பூட்டுங்கள். மின்வெட்டுக்கு ஒரு யு.பி.எஸ். சேருங்கள்.

எத்தனை நாள் பதிவு நிற்கும்? கணக்குப் போடுங்கள். ஒரு காமிரா நொடிக்கு 2 மெகாபிட் அனுப்பினால் ஒரு நாளில், அதாவது 86,400 நொடிகளில், 21.6 ஜிகாபைட் ஆகும். நான்கு காமிராக்களுக்கு 86.4. ஆகவே 1,000 ஜிகாபைட் தட்டு ஏறத்தாழ பதினொன்றரை நாளில் நிரம்பி, பழையதன்மேல் புதியது எழுதப்படும். கோடை விடுமுறை முழுவதும் பதிவு கிடக்கும் என்று நம்பியிருப்போருக்கு இக்கணக்கைச் சொல்லுங்கள்.

இரவில் காமிரா அகச்சிவப்பு ஒளியால் காண்கிறது. தொலைக்காட்சி ரிமோட்டின் முனையைப் பல கைப்பேசிகளின் காமிராவினூடே பார்த்தால் அவ்வொளியின் மினுக்கம் தெரியும், வெறுங்கண்ணுக்குத் தெரியாது. தோட்டத்தில் இதற்கொரு பகை உண்டு: சிலந்தி. கண்ணாடிக்கு எதிரே அது கட்டும் ஒற்றை நூலும் இரவில் வெள்ளைக் கயிறுபோல் ஒளிர்ந்து காட்சியை மறைத்துவிடும். வாரம் ஒருமுறை துடைப்பத்தால் தட்டிவிட ஓர் ஆள் வேண்டும்.

கடையிலிருந்து வந்த கடவுச்சொல்லை முதல் நாளே மாற்றுங்கள். 2016-ல் மிராய் என்னும் தீநிரல், மாற்றாத கடவுச்சொற்களைக் கொண்டே உலகெங்கும் காமிராக்களையும் பதிவுப்பெட்டிகளையும் கைப்பற்றியது. காமிராவின் முகம் நம் கடவையும் கிணற்றுமேட்டையும் பார்க்கட்டும். பக்கத்துத் தோட்டத்தார் வாசலைப் பார்க்க வேண்டாம்.

எல்லாம் முடிந்ததும், எந்தப் பொத்தானை அழுத்த வேண்டும் என்பதைப் பெரிய எழுத்தில் எழுதி ரிமோட்டின் பின்புறம் ஒட்டுங்கள். ஆத்தாளையே மூன்று முறை அழுத்திப் பார்க்கச் சொல்லுங்கள். பிறகு மின்சாரத்தை நிறுத்தி மீண்டும் போட்டு, பதிவுப்பெட்டி தானே விழித்துக்கொள்கிறதா, திரையின் மூலையில் தேதியும் மணியும் சரியாக நிற்கின்றனவா என்று பார்த்துவிட்டுப் பேருந்து ஏறுங்கள்.