சுவர் கட்டும் ஓடம்



அக்கரையில் சுவர் எழுப்புகிறார்கள். செங்கல் அறுப்பதோ இக்கரையில். நடுவே ஓடம் ஓடினால்தான் வேலை நடக்கும். பாக்டீரியாவின் உடலிலும் இதே ஏற்பாடுதான்.

அதன் சுவர், செல் சவ்வுக்கு வெளியே இருக்கிறது. சர்க்கரையும் அமினோ அமிலங்களும் சேர்ந்த 'செங்கல்' உள்ளே தயாராகிறது. நீரில் கரையும் அந்தச் செங்கல், கொழுப்பாலான சவ்வைத் தானாகத் தாண்டாது. அதைச் சுமந்து செல்லும் ஓடம்தான் பேக்டோபிரினால். 55 கார்பன் அணுக்கள் கோத்த நீண்ட கொழுப்புச் சங்கிலி அது. செங்கலை வெளியே சேர்த்துவிட்டு, அடுத்த சுமைக்குத் திரும்பிவிடும்.

ஓடங்களோ கொஞ்சம்தான். திரும்பாவிட்டால் கட்டுமானமே நின்றுவிடும். காயத்துக்குப் பூசும் சில களிம்புகளில் உள்ள பேசிட்ராசின் அதைத்தான் செய்கிறது: சுமை இறக்கிய ஓடத்தைத் திரும்ப விடாமல் பிடித்துக்கொள்கிறது. சுவர் வளராமல் பாக்டீரியா மடிகிறது. 1943இல் நியூயார்க்கில், அடிபட்ட ஒரு சிறுமியின் காயத்தில் இருந்த பாக்டீரியாவிலிருந்தே இந்த மருந்து கிடைத்தது. சிறுமியின் குடும்பப் பெயரும் மருந்தின் பெயரில் கலந்திருக்கிறது.

நம் செல்களுக்கு இத்தகைய சுவர் கிடையாது; அதனால் சுவர் வேலையைத் தடுக்கும் இந்த வழி அவற்றைத் தாக்காது. ஆனாலும், இத்தகைய ஆன்டிபயாடிக் மருந்துகளைக் கண்டபடி பயன்படுத்தினால் கிருமிகள் அவற்றுக்குப் பழகிவிடும். மருத்துவர் சொன்னால் மட்டுமே ஆன்டிபயாடிக் பயன்படுத்துங்கள்.