வாசிக்கத் தடுமாறும் பிள்ளை

படிப்பிலே பின்னிற்கும் பிள்ளைகள் எல்லாரையும் ஒரே கூட்டத்திற் சேர்த்து, மந்தம் என்றோ சோம்பல் என்றோ பெயரிட்டுவிடுதல் எளிது. ஆயினும் அக்கூட்டத்தினுள்ளே வேறொரு வகைப் பிள்ளை உண்டு. கேட்ட கதையை ஒரு சம்பவமும் தவறாமல் திருப்பிச் சொல்லும். கடைக்குச் சென்று மிச்சக் காசைக் கணக்குப் பார்த்து வாங்கிவரும். அதே பிள்ளையின் கையில் வாசிப்புப் புத்தகத்தைக் கொடுத்தால் மாத்திரம் நாத் தடுமாறும், முகம் வாடும். 'பலகை' என்னுஞ் சொல்லின் முதலிரண்டு எழுத்தைக் கண்டு 'பலகாரம்' என்று ஊகித்துச் சொல்லும். வகுப்பு முழுவதும் நகைக்கும். இத்தகைய பிள்ளைக்குச் செய்யவேண்டுவது யாது என்பதை நேயர்கள் சற்றே சிந்தித்தல் நன்று.

இவ்வாறான பிள்ளையை வைத்தியர்கள் கண்டறிந்து நூறாண்டுகளுக்கு மேலாகிவிட்டது. 1896ஆம் ஆண்டிலே பிரிங்கிள் மோர்கன் என்னும் ஆங்கில வைத்தியர், பதினான்கு வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி வைத்தியச் சஞ்சிகை ஒன்றில் எழுதினார். அவன் விளையாட்டிற் சுறுசுறுப்புள்ளவன், கணக்கில் வல்லவன், கண்பார்வையிற் குறையில்லை. ஏழு வயது முதல் ஆசிரியர்களிடங் கற்றும் அவனால் வாசிக்க இயலவில்லை. 'பேர்சி' என்னுந் தன் பெயரையே எழுத்து முன்பின்னாக மாற்றி எழுதினான். போதனை முழுவதும் வாய்மொழியாக நடக்குமாயின் பள்ளியிலே அவனே முதல்வனாவான் என்று அவனுடைய ஆசிரியர் கூறினாராம். அந்நாளில் இதனைப் பிறவிச் சொற்குருடு என்றனர். இந்நாளில் வழங்கும் டிஸ்லெக்சியா என்னும் பெயரை 1887இல் ஜெர்மானியக் கண் வைத்தியராகிய றுடோல்ப் பேர்லின் ஆக்கியிருந்தார்.

கண்ணிலே குற்றம் இல்லையெனின் தடை எங்கே உளது? சொல்லைத் தனித்தனி ஒலிகளாகப் பிரித்து, அவ்வொலிகளை எழுத்துக்களோடு விரைந்து இணைக்கும் ஆற்றலிலேதான் பெரும்பாலும் தடை உளதென்று பிற்கால ஆராய்ச்சிகள் காட்டுகின்றன. இஃது அறிவுக் குறைவன்று. சில குடும்பங்களிலே தலைமுறையாகத் தொடர்ந்து வருவதும் உண்டு. தகப்பனாரும் சிறுவயதில் வாசிக்க இடர்ப்பட்டவர் என்றால் அச்செய்தியை வைத்தியருக்கு மறைத்தலாகாது.

தமிழ்ப் பிள்ளைக்குச் சில தனி இடர்கள் உள. 'கொ' என்னும் எழுத்தைப் பாருங்கள். ககரத்தின் பின்னே ஒலிக்கும் ஒகரம், எழுதும்போது அதன் முன்னும் பின்னும் குறியாக நிற்கின்றது. லகர, ளகர, ழகரங்களும், மூவகை நகரங்களும் மயக்கந் தருவன. வீட்டிற் பேசுந் தமிழ் வேறு. புத்தகத் தமிழ் வேறு. எனினும் தமிழெழுத்துப் பெரும்பாலும் ஒலிவழி நிற்பதால், சில பிள்ளைகள் பிழையின்றி வாசிப்பர். ஆனால் ஒரு வரியைக் கடக்க நெடுநேரம் எடுப்பர். வரி முடியும்போது அதன் தொடக்கம் மறந்துபோகும். பிழையை மாத்திரம் எண்ணும் ஆசிரியருக்கு இந்தப் பிள்ளை புலப்படாது.

முதலாந் தரத்திலே எழுத்துக்கள் மாறுவது கண்டு அஞ்சவேண்டியதில்லை. அஃது எல்லாப் பிள்ளைகளுக்கும் இயல்பு. பாடசாலைக்கு ஒழுங்காக வராமையாலும், இடம்பெயர்ந்து அலைந்தமையாலும், பசியாலும் பின்தங்கிய பிள்ளைகளும் உளர். ஒழுங்காகக் கற்பித்தும் இரண்டாம் மூன்றாந் தரங்களிலே தடுமாற்றம் நீங்காதாயின், அப்பொழுது தாமதித்தல் கூடாது.

முதலிலே வகுப்பாசிரியரும் பெற்றாரும் கூடிப் பேசவேண்டும். சொல்வதெழுதுதற் கொப்பிகளைத் திகதியிட்டுச் சேர்த்துவைத்தல் நன்று. எந்த எழுத்திலே தடை, வாசித்துக் கேட்டால் விளங்குகின்றதா, தானே வாசித்தால் விளங்குகின்றதா என்பனவற்றையுங் குறித்துவைத்தல் வேண்டும். அடுத்துக் கண்ணையுஞ் செவியையும் சோதிப்பித்தல் வேண்டும். தரம் 1, 4, 7, 10 ஆகியவற்றிலே நடைபெறும் பாடசாலை வைத்தியப் பரிசோதனை இதற்கு நல்ல வாய்ப்பு; அதுவரை காத்திராமல் அரசாங்க வைத்தியசாலைக்குஞ் செல்லலாம். பின்னர்ச் சுகாதார வைத்திய அதிகாரியின் வாயிலாகவோ குடும்ப வைத்தியரின் கடிதத்துடனோ குழந்தை நல வைத்திய நிபுணரைக் காணவேண்டும். தேவையாயின் அவர் உளவியலாளரிடமும் பேச்சு மொழிச் சிகிச்சையாளரிடமும் அனுப்புவார்.

அங்கே நடப்பது பிள்ளையை வருத்துஞ் சோதனையன்று. ஒரு சொல்லின் முதலொலியை நீக்கிச் சொல்லச் சொல்வர்; பொருளில்லாத சொற்களை வாசிக்கச் செய்வர்; படங்களின் பெயரை விரைவாகக் கூறும்படி கேட்பர். பிள்ளை கற்கும் மொழியாகிய தமிழிலேயே இவற்றைச் செய்தல் முக்கியம். ஆங்கிலத்துக்கென அமைந்த சோதனையை அவ்வாறே மொழிபெயர்த்து நடத்தினால் முடிவு பிழைக்கும். முடிவை எழுத்திற் பெற்று, வகுப்பிலே செய்யவேண்டியவை எவை என்றுங் கேட்டறிய வேண்டும்.

சில பெற்றார், பிள்ளைக்கு ஒரு பெயர் சூட்டிவிடுவார்கள், அயலார் பேசுவார்கள் என்று பின்வாங்குவர். பெண்பிள்ளையாயின் இவ்வச்சம் இருமடங்கு. ஆனால் அப்பிள்ளைக்கு வகுப்பிலே 'மொக்கு' என்ற பெயர் முன்னமே சூட்டப்பட்டிருக்கும். அதனைப் பிள்ளையுந் தானே நம்பத் தொடங்கியிருக்கும். சோதனையின் முடிவு அந்தப் பெயரை அழிப்பதற்கு உதவும்.

இதற்கு மருந்தில்லை, தக்க போதனையே வழி. ஒலியையும் எழுத்தையும் ஒன்றன்பின் ஒன்றாக, ஒழுங்காக, பலமுறை பயிற்றுதல் வேண்டும். மணலிலே விரலால் எழுதுவிக்கும் பழைய திண்ணைப்பள்ளி முறை இங்கு கைகொடுக்கும். சோதனைக்குத் திகதி கிடைக்கும்வரை இதனை நிறுத்திவைத்தலாகாது. முன்னறிவிப்பின்றி வகுப்பின் நடுவே எழுப்பி வாசிக்கச் செய்தலை ஆசிரியர் தவிர்க்கவேண்டும். விடை தெரிந்த பிள்ளையை வாயாற் சொல்ல விடலாம். எழுதுவதற்குச் சற்று மேலதிக நேரமுங் கொடுக்கலாம்.

அடுத்த தவணை பார்ப்போம் என்று சொல்லிச் சொல்லியே பிள்ளை ஐந்தாந் தரத்துக்கு வந்துவிடுகின்றது. அதற்குள் வாசிப்பின்மேல் வெறுப்பும் வேரூன்றிவிடும். ஆதலின் வீட்டிலே இத்தகைய பிள்ளை உள்ள பெற்றார், வருகின்ற திங்கட்கிழமையே கொப்பியை எடுத்துக்கொண்டு வகுப்பாசிரியரைக் காண்பார்களாக.