ஈஸ்ட்டும் மான்களும்: ஒரு வகுப்பறைக் கணக்கு



மேல்நிலை வகுப்பில் இனக்கூட்ட வளர்ச்சிக்கு ஜே வடிவம், எஸ் வடிவம் என இரண்டு வரைபடங்கள் உண்டு. மாணவர்கள் பிழையின்றி வரைந்து முழு மதிப்பெண் வாங்கிவிடுகிறார்கள். ஆனால், 'எஸ் வடிவத்தில் தடை எங்கே தொடங்குகிறது?' என்று கேட்டுப் பாருங்கள். மேலே வளைந்து படுக்கும் இடத்தைத்தான் தொட்டுக் காட்டுவார்கள்.

அதனால் நான் படத்துக்கு முன் எண்களைக் கொடுக்கிறேன். கார்ல்சன் என்பவர் 1913இல் வெளியிட்ட ஈஸ்ட் வளர்ச்சி அளவுகள் அவை. தொடக்கத்தில் 9.6 அலகு, ஒரு மணி நேரம் கழித்து 18.3. ஏழாம் மணியில் 257.3, எட்டாம் மணியில் 350.7. பதினேழில் 659.6, பதினெட்டில் 661.8. ஒவ்வொரு ஜோடியிலும் எவ்வளவு கூடியது? 8.7, 93.4, 2.2. "நடுவுலதான் சார் வேகம்" என்பார்கள். சரி, இருந்த அளவோடு ஒப்பிட்டுச் சதவீதம் போடுங்கள் என்பேன். 91, 36, 0.3 என்று வரும். மொத்தம் வேகமாகப் பெருகும்போதே ஒவ்வொரு செல்லின் பங்கும் சுருங்கிக்கொண்டு வந்திருக்கிறது! இடையில் சில மணிகளில் ஏற்ற இறக்கம் உண்டு. அளந்தெடுத்த எண்கள் அப்படித்தான் இருக்கும். 1838இல் வெர்ஹுல்ஸ்ட் எழுதிய சமன்பாட்டிலும் தடை முதலிலிருந்தே வேலை செய்கிறது. சதவீதம் தெரிந்தால் போதும், இதை எட்டாம் வகுப்பிலேயே செய்யலாம்.

இத்தோடு நிறுத்தினால், எல்லா உயிரினமும் தாங்குதிறனைத் தொட்டதும் சமர்த்தாக நின்றுவிடும் என்று பிள்ளைகள் எடுத்துக்கொள்வார்கள். எனவே அடுத்த வகுப்பில் பெரிங் கடலின் செயின்ட் மேத்யூ தீவுக்குப் போகிறோம். 1944இல் அங்கே 29 ரெயின்டீர் மான்களைக் கொண்டுவந்து விட்டார்கள். ஓநாய் கிடையாது. 1957இல் 1,350 மான்கள். 1963இல் சுமார் 6,000. 1966இல் எண்ணியபோது 42, அதில் ஆண் ஒன்றே ஒன்று. பிறகு அதுவும் இல்லாமல் போனது.

அவற்றின் குளிர்கால உணவு லைக்கன்கள். பல ஆண்டுகள் மெல்ல வளர்ந்து சேர்ந்தவை. கையிருப்பு இருக்கும்வரை தட்டுப்பாடு தெரியவில்லை. தடை தாமதமாக வந்தது. 1963-64இன் கடும் குளிர்காலத்தில் மந்தை மடிந்தது.

"அப்போ தீவோட தாங்குதிறன் 6,000ஆ சார்?" என்று ஒரு மாணவன் கேட்டான். நல்ல கேள்வி. அந்த 6,000ஐத் தீவு தாங்கவில்லையே! மான்கள் தின்னத் தின்னத் தாங்குதிறனே இறங்கியது. பாடநூல் படத்தில் அது நேரான கிடைக்கோடு. இந்தத் தீவுக்கு அந்தக் கோட்டை எப்படிப் போடுவீர்கள் என்று கேட்டு, சாக்பீஸை அவன் கையில் கொடுத்தேன். சற்று யோசித்துவிட்டுச் சரிவாகப் போட்டான்.